குப்பியிலிருந்து தோள்பட்டை வரை: முதியவர்களுக்குப் பெருந்தொற்றுத் தடுப்பூசி

பெருந்தொற்று என்றாலே முதியவர்களுக்குத்தான் முதல் ஊசி என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள். கோவிட் ஏற்படுத்திவிட்டுப் போன எண்ணம் இது. 2009இல் எச்1என்1 ஃபுளூ பரவியபோது நிலைமை தலைகீழாக இருந்தது. 1957க்கு முன் பிறந்தவர்களில் பலர் சின்ன வயதிலேயே அதே வகை ஃபுளூ வைரஸ்களைச் சந்தித்திருந்தார்கள். அந்த எதிர்ப்பில் கொஞ்சம் அவர்கள் உடலில் மிச்சமிருந்தது. அதனால் அந்த முறை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வரிசையின் முன்னால் வந்தார்கள். 1918 ஃபுளூவும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்களைத்தான் அதிகம் வாரிக்கொண்டு போனது. யாருக்கு முதலில் என்பதை வைரஸின் போக்கைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆரம்ப வாரங்களிலேயே இறப்புகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் விடை தெரிந்துவிடும்.

கோவிட் விஷயத்தில் விடை சந்தேகமில்லாமல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் தரவுகளைத் தொகுத்த ஆய்வின்படி, தடுப்பூசி இல்லாத நிலையில் 25 வயதுக்காரர்கள் 10,000 பேருக்குத் தொற்றினால் ஏறத்தாழ ஒருவர் இறப்பார். 55 வயதில் அது 40 பேர், 65இல் 140, 75இல் 460, 85இல் 1,500. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் வயதானவர்களுக்குத் தடுப்பூசி அவ்வளவாக வேலை செய்யாதாமே என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இளைஞர்களிடம் ஊசி 95 விழுக்காடு வேலை செய்கிறது, 85 வயதுக்காரர்களிடம் வெறும் 60 விழுக்காடுதான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 10,000 இளைஞர்களில் அது காப்பாற்றுவது ஓர் உயிர். முதியவர்களில் 900 உயிர்கள். பலன் குறைவு என்பது உண்மையாகவே இருந்தாலும், காப்பாற்றப்படும் உயிர்கள் அந்தப் பக்கம்தான் மிக அதிகம்.

இந்தக் கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 தொடக்கத்தில் ஹாங்காங் காட்டியது. இரண்டு ஆண்டுகள் வைரஸை வெளியே நிறுத்தி வைத்திருந்த ஊர் அது. தடுப்பூசிக்கும் பஞ்சமில்லை. ஆனால் இங்கேதான் தொற்றே இல்லையே என்ற நிம்மதியிலும் பக்கவிளைவு பற்றிய பயத்திலும் மூத்தவர்கள் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்கள். இளையவர்களைவிட எண்பதைத் தாண்டியவர்கள் போட்டுக்கொண்டது மிகக் குறைவு. ஒமிக்ரான் உள்ளே வந்ததும் ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் பதிவான இறப்புகளில் சுமார் 96 விழுக்காடு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரு டோஸ்கூடப் போட்டுக்கொள்ளாதவர்கள்.

ஆரம்பத்தில் அரசுகளும் குழம்பின. அஸ்ட்ராசெனெகா ஊசியின் சோதனைகளில் மூத்தவர்கள் குறைவாக இருந்தார்கள் என்பதால், 2021 ஜனவரியில் ஜெர்மனியின் நிபுணர் குழு அதை 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்றது. அரிய வகை ரத்த உறைவு இளையவர்களிடம் தெரியவந்ததும், மார்ச் முடிவதற்குள் 60க்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. அந்தந்த நேரத்துச் சான்றுகளின்படி இரண்டு முடிவுகளுக்கும் காரணம் இருந்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்க்கும் எழுபத்தைந்து வயதுக்காரர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? முடிவை மாற்றும்போது காரணத்தையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்த உறைவு இளையவர்களிடம்தான் அதிகம். ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளுக்குப் பின் வரும் இதயத்தசை அழற்சியும் பெரும்பாலும் இளம் ஆண்களிடம்தான். இந்த இரண்டு பயங்களும் எண்பது வயதுக்காரருக்கு மிக மிகக் குறைவாகவே பொருந்தும். இதை யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

முதிய உடல் ஏன் தயங்குகிறது

மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வாலிபத்திலிருந்தே சுருங்கத் தொடங்குகிறது. புதிய கிருமியை அடையாளம் காணப் பயிற்சி பெறும் டி செல்கள் அங்கேதான் உருவாகின்றன. எழுபது வயதில் பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள் ஏராளமாக இருக்கும், புதியவை சொற்பம். ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டு அனுபவசாலிகளை மட்டும் வைத்து ஓட்டும் படையைப் போல. பழைய எதிரி வந்தால் சமாளிக்கும், புது எதிரி என்றால் திணறும். பெருந்தொற்று வைரஸ் என்பது புது எதிரியேதான். இதோடு பி செல்கள் உருவாக்கும் எதிர்ப்புப்பொருள்களின் அளவும் பிடிமானமும் குறைகின்றன. உடலெங்கும் மெல்லிய அழற்சி எப்போதும் இருந்துகொண்டிருப்பதால் ஊசி கொடுக்கும் தூண்டுதலும் மங்கிப்போகிறது.

இதைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. மருந்தின் அளவைக் கூட்டலாம். வழக்கமான ஃபுளூ ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் புரதம் இருக்கும், முதியவர்களுக்கான உயர் டோஸ் ஊசியில் 60. 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 32,000 பேரிடம் ஒப்பிட்டபோது, உயர் டோஸ் போட்டவர்களிடம் உறுதிசெய்யப்பட்ட ஃபுளூ 24 விழுக்காடு குறைவாக இருந்தது. தூண்டுபொருள் சேர்ப்பது இன்னொரு வழி. எம்எஃப்59 என்ற ஸ்குவாலின் எண்ணெய்க் குழம்பு கலந்த ஃபுளூ ஊசி இப்படிப்பட்டது. 2022 முதல் அமெரிக்காவில் 65ஐத் தாண்டியவர்களுக்கு இவ்வகை வலுவூட்டிய ஊசிகளையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறார்கள். இவையெல்லாம் போக, திரும்பத் திரும்பப் போடுவது இருக்கிறது. கோவிட் விஷயத்தில் நடைமுறைக்கு வந்தது முக்கியமாக இதுதான்.

டோஸ்களுக்கு நடுவே எத்தனை நாள்? ஃபைசர் ஊசிக்கு முதலில் சொல்லப்பட்டது மூன்று வாரம். பிரிட்டன் அதை 12 வாரமாக நீட்டியபோது கடும் விமர்சனம் எழுந்தது. பின்னர் எண்பதைத் தாண்டியவர்களிடம் அளந்து பார்த்தார்கள். நீண்ட இடைவெளியில் போட்டவர்களுக்கு உச்சகட்ட எதிர்ப்புப்பொருள் அளவு 3.5 மடங்கு அதிகம் இருந்தது. அதற்காக எப்போதும் நீட்டுவதே நல்லது என்று சொல்ல முடியாது. நடுவில் இருக்கும் அந்த வாரங்களில் ஒற்றை டோஸ் பாதுகாப்பில்தான் அவர் நடமாடுவார். தொற்று அலை உச்சத்தில் இருக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் போடுவதும், அமைதியாக இருக்கும்போது 8 வாரம் அளவுக்கு விடுவதும்தான் நியாயமான வழி என்று எங்களுக்குப் படுகிறது.

யாருக்குத் தடை, யாருக்கு இல்லை

ரத்த அழுத்தம் 170ஐத் தொட்டது என்று மையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. இது தேவையற்ற தடை. வரிசையில் நின்று, படியேறி, பதற்றத்தோடு உட்காருபவருக்கு அழுத்தம் ஏறித்தான் இருக்கும். தலைவலி, மார்புவலி, பேச்சுக்குழறல் என்று எதுவும் இல்லாதபோது எண்ணை மட்டும் பார்த்து ஊசியை மறுக்கக் கூடாது. சர்க்கரை நோய், இதய அடைப்பு, பைபாஸ், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா ஆகியவை எல்லாம் தடைகள் அல்ல. ஊசி அதிகம் தேவைப்படுபவர்களே இவர்கள்தான்.

உண்மையான தடை முந்தைய டோஸுக்கோ அதன் ஏதாவது ஓர் உட்பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருப்பது. எம்ஆர்என்ஏ ஊசிகளில் பாலிஎதிலீன் கிளைக்கால் கவனிக்க வேண்டியது. இப்போது புழக்கத்தில் இல்லாத அஸ்ட்ராசெனெகாவில் அது பாலிசார்பேட் 80. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு வந்தால் தள்ளிப் போடலாம், லேசான சளிக்கு வேண்டாம். அண்மையில் கோவிட் வந்து குணமானவர் அடுத்த டோஸை மூன்று மாதம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்திவிட்டு வருகிறார்கள். இது ஆபத்தான பழக்கம். ஊசியால் வரும் ரத்தக்கட்டைவிட மாத்திரையை நிறுத்துவதால் வரும் பக்கவாதம் எவ்வளவோ மோசம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், புதிய வகை உறைவுத்தடுப்பு மாத்திரைகள் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அண்மை ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை எண்) அவருக்குரிய வரம்புக்குள் இருந்தால் போதும். 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியைப் பயன்படுத்தி, எடுத்த பின் தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துப் பிடிப்பது நல்லது. கணக்கில்லாமல் பிடித்தால் இருபது நொடியில் கை எடுபட்டுவிடும்.

நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களின் கதை வேறு. மூட்டு அழற்சி போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் பூஸ்டர் போட்ட பின் இரண்டு வாரம் அதை நிறுத்தியபோது எதிர்ப்புப்பொருள் அளவு இரண்டு மடங்கானது என்று பிரிட்டனில் நடந்த சோதனை காட்டியது. மூட்டுவலி சற்றுக் கூடலாம் என்பதால் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைப் போட்டுக்கொள்பவர்களிடம் அந்தச் செல்களே மிச்சமிருக்காது. கடைசி மருந்து போட்டு ஆறு மாதம் கழித்தோ, அடுத்தது வருவதற்கு நான்கு வாரம் முன்போ ஊசி விழுமாறு தேதியை அமைக்க முடிந்தால் நல்லது. ஊர் முழுக்கத் தொற்று பரவிக்கொண்டிருந்தால் நல்ல தேதிக்காகக் காத்திருக்காமல் போட்டுவிடுவதே சரி. இவர்களுக்கு அடிப்படை டோஸே மூன்று என்று கணக்கு.

குப்பியில் நடக்கும் தவறுகள்

ஃபைசரின் முதல் வடிவம், இப்போது புழக்கத்தில் இல்லாத ஊதா மூடிக் குப்பி. அதற்கான முறை இது. மைனஸ் 90 முதல் மைனஸ் 60 டிகிரி வரை வைக்க வேண்டும். உள்ளே இருப்பது 0.45 மி.லி. மட்டுமே. அதில் கெடாமல் காக்கும் பொருள் கலக்காத 0.9 விழுக்காடு உப்புநீரை 1.8 மி.லி. சேர்த்தால் 2.25 மி.லி. ஆகும். ஒரு டோஸ் 0.3 மி.லி., அதாவது 30 மைக்ரோகிராம். ஏழு டோஸ் வரவேண்டும்போல் தோன்றும், ஆனால் ஒவ்வொரு சிரிஞ்சிலும் ஊசியிலும் கொஞ்சம் தங்கிவிடும். கழிவு குறைந்த சிரிஞ்சாக இருந்தால் ஆறு கிடைக்கும், சாதாரண சிரிஞ்சில் பெரும்பாலும் ஐந்துதான். முழு 0.3 வராத மிச்சத்தை இன்னொரு குப்பியின் மிச்சத்தோடு சேர்க்கவே கூடாது.

உப்புநீர் சேர்ப்பதற்கு முன்பு குப்பியைப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. குலுக்கினால் எம்ஆர்என்ஏவைச் சுற்றியுள்ள கொழுப்புத் துகள்கள் சிதையும். 1.8 மி.லி. உள்ளே போனதும் உள்ளழுத்தம் கூடும், அதே சிரிஞ்சில் 1.8 மி.லி. காற்றை இழுத்து அதைச் சமன்செய்துவிட்டுத்தான் ஊசியை வெளியே எடுக்க வேண்டும். இந்தப் படியை விட்டால் ஊசியை எடுக்கும்போது மருந்து பீய்ச்சி ஒரு டோஸே வீணாகும். திரும்பவும் பத்து முறை திருப்பல். நேரத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும். அந்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரம்தான் அதன் ஆயுள்.

உப்புநீர் சேர்க்க மறந்துபோய் 0.3 மி.லி. எடுத்துப் போட்டால் உடலுக்குள் போவது ஐந்து மடங்கு டோஸ். மருந்தே இல்லாமல் வெறும் உப்புநீரைப் போட்டுவிடுவதும் நடந்திருக்கிறது. பிறகு வந்த சாம்பல்நிற மூடிக் குப்பியில் எதையும் சேர்க்கவே கூடாது. இரண்டு நிறக் குப்பிகளும் ஒரே ஃபிரிட்ஜில் இருந்த மாதங்களில்தான் குழப்பம் உச்சத்தில் இருந்தது. ஒரு மேசைக்கு ஒரே வகைக் குப்பி, கலப்பவர் ஒருவர், அருகில் நின்று உரக்கப் படித்துச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொண்டால் இவ்வகைத் தவறுகள் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூத்தவர்களின் வீடு தேடிப் போகும் குழுவுக்கு இந்த ஆறு மணி நேரம் என்பது மிகக் குறுகியதாக இருந்தது. ஆறு டோஸ் குப்பியைத் திறந்தால் அதே தெருச்சுற்றில் ஆறு பேர் இருக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலோ காய்ச்சலில் இருந்தாலோ அழைப்பதற்கு மாற்று ஆட்களின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள், பராமரிக்க வருபவர்கள் ஆகியோரை அந்தப் பட்டியலில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

2 முதல் 8 டிகிரியில் வைக்கும் ஊசிகளுக்குச் சூட்டைவிட உறைதல்தான் பெரிய எதிரி. அலுமினியம் கலந்த ஊசிகள் உறைந்தால் துகள்கள் கட்டிக்கொள்ளும். உருகிய பின் பார்வைக்குப் பழையபடி தெரியலாம், வேலை செய்யாது. குளிர்ப்பெட்டியில் வைக்கும் ஐஸ் பாக்கெட்டை ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் நடுத்தட்டுதான் சரியான இடம். கதவுப் பக்கம் சூடு, பின்சுவரை ஒட்டினால் உறைதல்.

தோளில்

சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளை வெளியே காட்டுவது வேகமான வழி. ஊசி மேலே ஏறிப் போவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். தோள் நுனியில் தட்டுப்படும் எலும்பைத் தொட்டு, அதற்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே, டெல்டாய்டு தசையின் தடித்த நடுப்பகுதிதான் இடம். அதற்கு மேலே போனால் மருந்து தசைக்குள் இறங்காமல் மூட்டைச் சுற்றியுள்ள உறைக்குள் போய்விடும். இரண்டு நாளுக்குள் தொடங்கும் வலி வாரக்கணக்கில் நீண்டு, கையை மேலே தூக்க முடியாமல் போகும். மூத்தவர்களிடம் தசை மெலிந்திருப்பதால் இந்த ஆபத்து அதிகம். உட்கார்ந்திருப்பவருக்கு நின்றுகொண்டு போடும்போது ஊசி தானாகவே மேலே போகும், எனவே போடுபவரும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கை தொடையில் தளர்வாகக் கிடக்கட்டும். இடுப்பில் கைவைத்தால் தசை இறுகி வலி கூடும்.

பெரும்பாலானவர்களுக்கு 25 மி.மீ. நீளம் போதும். 60 கிலோவுக்குக் குறைவானவர்களுக்குத் தோலை இறுக்கி விரித்துப் பிடித்தால் 16 மி.மீ. ஊசியே தசையை எட்டும். மிகவும் பருமனானவர்களுக்கு 38 தேவைப்படும், குட்டை ஊசியைப் போட்டால் மருந்து கொழுப்பிலேயே தங்கிவிடும். 90 டிகிரியில் நேராக, ஒரே வேகத்தில் போட வேண்டும். பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கத் தேவையில்லை. தோளில் தசையே இல்லை என்றால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடலாம். மார்பக அறுவையில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கம் வேண்டாம், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைக்கப்பட்ட கையும் வேண்டாம். ஃபுளூ ஊசியும் கோவிட் ஊசியும் ஒரே நாளில் போடலாம். இரு கைகளில் போடுவது வசதி, ஒரே கையில் என்றால் இரண்டரை சென்டிமீட்டராவது தள்ளிப் போட வேண்டும்.

போட்ட பின் 15 நிமிடம் உட்கார வைக்க வேண்டும். முன்பு வேறு எதற்காவது கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு 30 நிமிடம். மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு, அழுத்தச் சரிவு சேர்ந்து வந்தால் அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது ஆயிரத்தில் ஒன்று கரைசலில் 0.5 மி.லி., தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். வயதானவர், இதய நோயாளி என்று தயங்கி நேரத்தை விடக் கூடாது. தாமதம்தான் கொல்லும். ஆனால் மூத்தவர்களிடம் அடிக்கடி நடப்பது வேறு: 15 நிமிடம் முடிந்ததும் சட்டென்று எழுந்து, அழுத்தம் குறைந்து, விழுவது. கைப்பிடி உள்ள நாற்காலி, எழுந்ததும் சில நொடி அங்கேயே நிற்கச் சொல்வது, அருகில் ஒரு ஆள். இடுப்பெலும்பு முறிவைத் தவிர்க்க இவ்வளவு போதும்.

அன்று காலை மாத்திரைகள், இன்சுலின், உணவு எல்லாம் வழக்கம்போல. வெறும் வயிற்றில் வரவேண்டியதில்லை. சட்டைக்கை தோள் வரை ஏறும் ஆடை, மாத்திரைகளின் பட்டியல், காதுக்கருவி, கண்ணாடி இவை கையோடு இருந்தால் போதும். முகக்கவசத்தோடு பேசும் செவிலியரின் உதடு தெரியாததால், காது மந்தமானவர் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே தலையாட்டிவிடுவார். ஒவ்வாமை உண்டா என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிக் கேட்பதே நம்பகமான வழி.

அடுத்த இரண்டு நாள்

முதியவர்களுக்கு ஊசிக்குப் பின் காய்ச்சலும் உடல்வலியும் இளைஞர்களைவிடக் குறைவாகவே வரும். ஒன்றுமே செய்யவில்லையே, ஊசி வேலை செய்ததா என்று கேட்பவர்கள் நிறைய. காய்ச்சல் வருவதை வைத்துப் பலனை அளக்க முடியாது. வலி வந்தால் பாரசிட்டமால். முன்கூட்டியே வேண்டாம், வந்த பிறகு போதும். உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் சளி, மூட்டு மாத்திரைகளில் பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆகாது என்பதால் இந்த வயதில் தவிர்ப்பதே நல்லது.

காய்ச்சலைவிட உன்னிப்பாகக் கவனிக்க வேண்டியவை குழப்பம், தள்ளாட்டம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. தனியாக இருப்பவருக்கு முதல் இரவில் யாராவது துணையிருந்தால் நல்லது. 48 மணி நேரத்தைத் தாண்டிய காய்ச்சலை ஊசியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ இருக்கலாம். இருமல், மூச்சுத்திணறல், வாசனை இழப்பு ஆகியவை ஊசியின் விளைவாக வருவதில்லை, பரிசோதிக்க வேண்டும். அக்குளில் நெறி கட்டுவது உண்டு. மார்பகப் பரிசோதனைப் படம் எடுக்கப் போகிறவர் எந்தக் கையில் எப்போது ஊசி போட்டார் என்று சொல்லிவிட வேண்டும்.

2021 ஜனவரியில் நார்வேயில், முதியோர் இல்லங்களில் ஊசிக்குப் பின் சில இறப்புகள் பதிவாகி உலகெங்கும் செய்தியானது. மிகவும் தளர்ந்தவர்களுக்குத்தான் அங்கே முதலில் போட்டிருந்தார்கள். அந்த நாட்டின் இல்லங்களில் சாதாரண வாரத்திலேயே சராசரியாக 400 பேர் இறப்பதுண்டு. எண்பத்தெட்டு வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடத்தில் எந்த ஒரு நாளைக் குறித்தாலும் அதற்கடுத்த வாரத்தில் சில இறப்புகள் இருக்கும். எதிர்பார்ப்பதைவிட அதிகமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதிகமில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் குழு பார்த்துச் சொன்னது. அதே நேரம், நார்வே மருத்துவர்கள் சொன்ன ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடக் கூடாது: வாழ்வின் கடைசி நாட்களில் இருப்பவருக்கு இரண்டு நாள் காய்ச்சல்கூடச் சுமை, கிடைக்கப்போகும் பலனும் சொற்பம். அவருக்கு ஊசி வேண்டாம் என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பது சரியான மருத்துவமே.

முதியோர் இல்லங்களில் ஊழியர்களுக்கும் போட வேண்டும், ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டாம். மறுநாள் பாதிப் பேர் உடம்புவலியில் படுத்தால் சாப்பாடு ஊட்ட ஆள் இருக்காது. இரண்டு மூன்று அணியாகப் பிரிப்பது வழக்கம். மறதிநோய் உள்ளவரிடம் ஒப்புதல் கேட்பதற்குக் காலைதான் நல்ல நேரம், பெரும்பாலானவர்களுக்கு மாலையில் குழப்பம் கூடும். ஒப்புதல் தரும் திறன் இல்லையென்றால் சட்டப்படி யார் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே கோப்பில் எழுதியிருக்க வேண்டும். சத்து ஊசி என்று பொய் சொல்லிப் போடுவதை ஏற்கவே முடியாது. அடுத்த டோஸுக்கு அவர் கையை நீட்டவும் மாட்டார்.

பூஸ்டர் எப்போது

இரண்டு வாரத்தில் பாதுகாப்பு உருவாகிறது, பிறகு மாதங்களில் மெல்லக் கரைகிறது. தொற்றைத் தடுக்கும் சக்தி முதலில் போகும், கடும் நோயைத் தடுக்கும் சக்தி அதிக நாள் நிற்கும், ஆனால் வயதானவர்களிடம் அதுவும் சீக்கிரமே இறங்கும். 2021 ஜூலை 30இல் இஸ்ரேல் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாம் டோஸைத் தொடங்கியது. இரண்டாவது டோஸ் போட்டு ஐந்து மாதமாவது ஆனவர்களுக்கு அது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கணக்கிட்டபோது, மூன்றாவது போடாதவர்களோடு ஒப்பிட்டால் கடும் நோய் 19.5 மடங்கு குறைவாக இருந்தது.

2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மூத்தவர்களை உயர் முன்னுரிமைப் பிரிவில் வைத்து, கடைசி டோஸுக்குப் பின் 6 அல்லது 12 மாதத்தில் இன்னொன்று என்று சொன்னது. வயதும் நோயெதிர்ப்பு நிலையும்தான் எது என்பதை முடிவுசெய்யும். எழுபத்தைந்தைத் தாண்டியவர் என்றால் ஆறு மாதக் கணக்கைப் பிடித்துக்கொள்வதே எங்கள் விருப்பம். தேதியை அவருடைய நினைவுக்கு விடாமல், ஊசி போட்ட அன்றே மாத்திரைப் பெட்டியின் மேல் அடுத்த மாதத்தின் பெயரை ஒட்டிவிடலாம். ஆன்லைன் பதிவை நம்பி மட்டும் இருக்கும் திட்டங்களில் முதலில் விடுபடுவது தனியாக இருக்கும் முதியவர்கள்தான். வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தேதி தரும் ஒரு ஆளுக்கு எந்தச் செயலியும் ஈடாகாது.

நான் வெளியே எங்கும் போவதில்லையே என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. அவர் போகாவிட்டாலும் பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகிறது, பராமரிப்பவர் நாலு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். வாசல் வழியாகத்தான் வைரஸ் அவரிடம் வரும்.

ஊசி போட்ட பிறகும் நோய் வரலாம், வயதானவர்களிடம் அது வேறு முகத்தோடு வரும். காய்ச்சல் இல்லாமலேயே, திடீரென்று சாப்பிடாமல், ஓரிரு முறை தடுக்கி விழுந்து, பேச்சில் சம்பந்தமில்லாமல் போவதே முதல் அறிகுறியாக இருக்கும். வயதானால் இப்படித்தான் என்று விடும் இரண்டு நாட்கள் விலை உயர்ந்தவை. ஏனென்றால் கோவிடுக்கான நிர்மட்ரெல்விர், ரிட்டோனாவிர் மாத்திரைக் கூட்டை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவு குறையும். கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினை அந்த நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டும், சில உறைவுத்தடுப்பு மாத்திரைகளோடும் மோதல் உண்டு. ஊசி மையத்துக்குக் கொண்டுபோன அந்த மாத்திரைப் பட்டியலையே மருத்துவரிடம் நீட்டினால் இதைப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும்.